மோட்டார் ரூம் சுவர்

சென்ற தை மாதம், உறவுக் கல்யாணம் ஒன்றில் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். ரசம் வரும் நேரத்தில் மாமாவின் சட்டைப்பையில் செல்போன் அடித்தது. இடது கையால் எடுத்துக் காதில் வைத்தார். மறுமுனையில் மனிதர் யாருமில்லை. மும்முனை மின்சாரம் வந்துவிட்டது என்று பதிவு செய்யப்பட்ட ஒரு பெண்குரல் சொன்னது. மாமா கட்டைவிரலால் ஓர் எண்ணை அழுத்தினார். இருபது கிலோமீட்டருக்கு அப்பால், பல்லடத்துக்குத் தெற்கே இருக்கும் அவருடைய தோட்டத்தில், பூட்டிக் கிடந்த மோட்டார் ரூமுக்குள் ஸ்டார்டர் 'டக்'கென்று பிடித்திருக்கும். ஆயிரம் அடி போரிலிருந்து தண்ணீர் ஏறித் தொட்டியில் விழுந்திருக்கும். மோட்டார் ஓடுகிறது என்று அதே குரல் உறுதி சொன்னது. மாமா போனைப் பையில் போட்டுக்கொண்டு இலையில் சோற்றைக் குழி செய்தார். பக்கத்து இலைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் பையிலும் அப்படியொரு போன் இருந்திருக்கும்.

பொருள்களின் இணையம் என்று நகரத்து மேடைகளில் படம் போட்டு விளக்குகிறார்கள். குரல் கேட்டு எரியும் விளக்கும், பால் தீர்ந்ததைச் சொல்லும் குளிர்பதனப் பெட்டியும் அந்தப் படங்களில் வரும். கொங்கு நாட்டுத் தோட்டங்களுக்கு அது மேடையேறாமல், சத்தமில்லாமல் வந்து சேர்ந்தது. ஸ்டார்டர் பெட்டிக்குப் பக்கத்தில் திருகி வைத்த சின்னப் பெட்டி. அதற்குள் ஒரு சிம் கார்டு. சில ஆயிரம் ரூபாய் விலை. மூன்று பேஸில் ஒன்று விட்டுப்போனால் காயில் கருகுவதற்குள் மோட்டாரை நிறுத்திவிடும். போரில் தண்ணீர் வற்றி மோட்டார் வெறுமனே சுற்றினால், அது இழுக்கும் ஆம்பியர் குறைவதை வைத்து அதையும் கண்டுபிடித்து நிறுத்திவிடும். பிறகு உரியவரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லும். பெயர் தெரியாமலே ஊர் இதைப் பழகிக்கொண்டது.

இது மிச்சப்படுத்துவது ஒரு நடையை. அந்த நடையின் வரலாறு தெரியாமல் இந்தப் பெட்டியை மதிப்பிட முடியாது என்று நினைக்கிறேன்.

மாமாவின் அப்பா கவலை இறைத்தவர். விடியுமுன் மாடுகளைப் பூட்டி, வாரியில் முன்னும் பின்னும் நடந்து, வெயில் ஏறும்வரை சாலில் தண்ணீர் எடுத்தவர். 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் மலையிலிருந்து இறங்கி வந்தது. கோவையில் பஞ்சாலைகள் பெருகின. அவற்றுக்கு உதிரிபாகம் செய்யப் பட்டறைகள் எழுந்தன. 1937இல் ஜி.டி. நாயுடுவின் முயற்சியில் மின்மோட்டாரும் அங்கேயே உருவானது. பட்டறைக்காரர்களின் கைத்திறன் மோட்டாராகவும் பம்பாகவும் ஊர் ஊராகப் போக, ஒரு தலைமுறைக்குள் கவலை மாடுகள் காணாமல் போயின. மாட்டின் பின்னால் நடந்த நடை அத்தோடு முடிந்தது. அதன் இடத்தில் வேறொரு நடை வந்தது. சாளை என்கிற தோட்டத்து வீட்டிலிருந்து மோட்டார் ரூமுக்கு, சுவிட்சைப் போடப் போகும் நடை.

தூரம் கொஞ்சம்தான். ஆனால் நேரத்தைத் தீர்மானித்தது உழவன் இல்லை. மும்முனை மின்சாரம் பகலில் ஆறு மணி நேரம், இரவில் மூன்று மணி நேரம் என்று நெடுங்காலம் முறை வைத்துக் கொடுத்தார்கள். மற்ற நேரங்களில் வீட்டு விளக்கு எரியும், மோட்டார் ஓடாது. இரவு முறை ஒரு வாரம் பத்து மணிக்கு வரும், இன்னொரு வாரம் இரண்டு மணிக்கு வரும். வாழைக்குத் தண்ணீர் கட்டியே ஆக வேண்டும் என்றால் எழுந்துதான் போக வேண்டும். கையில் டார்ச், காலில் தேய்ந்த செருப்பு, இருபுறமும் இடுப்பளவு புல். வரப்பில் கண்ணாடி விரியன் கிடக்கும். மோட்டார் ரூமுக்குள் ஸ்டார்டர் பெட்டியின் இளஞ்சூட்டுக்குக் கட்டுவிரியன் வந்து சுருண்டிருக்கும். 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58,000 என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலும் கிராமத்து மனிதர்கள். அவர்களில் எத்தனை பேர் சுவிட்சைப் போடப் போனவர்கள் என்று தனியாக யாரும் எண்ணியதில்லை. எங்கள் ஊரில் இருவர். அவர்களில் ஒருவர் என்னோடு படித்தவர்.

"ராத்திரி ரண்டு மணிக்கு எந்திரிச்சுப் போனவனுக்குத்தான் மாப்ளெ இதோட அருமை தெரியும்" என்று மாமா சொல்லும்போது நான் மறுபேச்சு பேசுவதில்லை. இயந்திரம் வந்து மனிதனுக்கும் மண்ணுக்கும் இருந்த உறவை அறுத்துவிட்டது என்று எழுதுகிறவர்கள் ஒரு முறையாவது அந்த வரப்பில் அந்த நேரத்தில் நடந்து பார்க்க வேண்டும். ஓர் உயிரைப் படுக்கையிலேயே இருக்க வைத்த பெட்டியை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனாலும் அந்தக் கல்யாணத்துக்கு மறுநாள் தோட்டத்துக்குப் போனபோது அத்தை சொன்ன ஒரு சொல் என்னை விடவில்லை.

"அது கரண்டு வந்தாச் சொல்லுது கண்ணு. வராட்டியுஞ் சொல்லுது. ஆனா எனக்கில்ல சொல்லுது."

அந்தப் பெட்டியில் மூன்று செல்போன் எண்களைப் பதிந்து வைத்திருக்கிறார்கள். ஒன்று மாமாவுடையது. இரண்டாவது கோவையில் வேலை பார்க்கும் மூத்த மகனுடையது. மூன்றாவது பெங்களூரில் இருக்கும் இளையவனுடையது. மடை மாற்றுவது அத்தை. பாத்தியில் தண்ணீர் ஒழுங்காகப் போகிறதா, உடைத்துக்கொண்டு பக்கத்துக் காட்டுக்குள் பாய்கிறதா என்று பார்ப்பது அத்தை. மண்வெட்டி அவர் கையில். மோட்டாரின் காது வேறு மூவரின் பையில். ஒருநாள் பாதிப் பாத்தியில் தண்ணீர் நின்றுவிட்டது. கரண்டு போய்விட்டதா, போர் வற்றிவிட்டதா, பெங்களூரிலிருந்து நிறுத்திவிட்டார்களா, அத்தைக்குத் தெரியாது. மண்வெட்டியை வரப்பில் சாத்திவிட்டு மோட்டார் ரூமுக்கு நடந்து போய்ப் பார்த்தார். பிறகு சாளைக்கு நடந்து வந்து மாமாவைக் கேட்டார். மாமா மகனைக் கேட்டார். முன்பு மோட்டாரைப் போடுகிறவரும் நிறுத்துகிறவரும் தோட்டத்துக்குள்ளேயே இருந்ததால் ஒரு குரல் கொடுத்தால் பதில் வரும். இப்போது மாமாவின் நடை மிச்சம். அத்தையின் நடை கூடியிருக்கிறது.

பொருள்கள் பேசக் கற்றுக்கொண்டன என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். யாரிடம் பேசுகின்றன என்று கேட்டால்தான் கதையின் மற்ற பாதி வெளியே வருகிறது.

இந்தத் தொழில்நுட்பத்தின் பிறப்பைத் தேடிப் போனால் அங்கேயும் மிச்சப்படுத்த வேண்டிய ஒரு நடைதான் நிற்கிறது. 1982இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக் கணிப்பொறித் துறையினர் கோக் விற்கும் இயந்திரம் ஒன்றைத் தங்கள் வலையமைப்போடு இணைத்தார்கள். எந்தக் குழாயில் பாட்டில் இருக்கிறது, அது குளிர்ந்துவிட்டதா என்பதை இருந்த இடத்திலிருந்தே கேட்டறியலாம். 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிப்பொறி ஆய்வகத்தில் காபிக் குடுவையைப் பார்த்தபடி ஒரு கேமராவை வைத்தார்கள். மற்ற அறைகளிலிருந்து காபிக்கு வந்தவர்கள் காலிக் குடுவையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வெற்று நடைக்கு அது முடிவு கட்டியது. பின்னால் உலகமே இணையத்தில் அந்தக் குடுவையைப் பார்த்தது. 2001இல் கேமராவை நிறுத்தினார்கள். இந்த இரண்டிலும் நான் கவனிப்பது ஒன்றைத்தான். காபி குடிக்கிறவர்களுக்குத்தான் குடுவை சேதி சொன்னது. கருவியைப் பொருத்தியவரும் சேதியைக் கேட்டவரும் ஒரே கூட்டம். தங்கள் கால்களுக்காகத் தாங்களே செய்துகொண்டது.

பொருள்களின் இணையம் என்ற பெயரை 1999இல் கெவின் ஆஷ்டன் வைத்தார். அவர் அப்போது பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் இருந்தார். உதட்டுச் சாயத்தில் குறிப்பிட்ட ஒரு நிறம் கடை அடுக்கில் அடிக்கடி தீர்ந்துபோயிருந்தது. கிடங்கில் சரக்கு இருந்தும் கடையில் இல்லை என்பது நிறுவனத்துக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு பொருளிலும் ஒரு சின்ன ரேடியோ சில்லைப் பதித்துவிட்டால் அது தன் இருப்பைத் தானே சொல்லும் என்று அவர் யோசித்தார். நல்ல யோசனை. ஆனால் பெயர் பிறந்த இந்த இடத்தில் சேதியின் திசை மாறியிருக்கிறது. உதட்டுச் சாயம் பேசியது அதைப் பூசிக்கொள்ளும் பெண்ணிடம் இல்லை, விற்கும் நிறுவனத்திடம். காபிக் குடுவையிலிருந்து உதட்டுச் சாயத்துக்கு வந்த எட்டு ஆண்டுகளில் கருவி மட்டும் மாறவில்லை. கேட்கும் காதும் மாறிவிட்டது. அதற்குப் பிறகு வந்தவற்றில் பெரும்பாலானவை உதட்டுச் சாயத்தின் வம்சம்.

எங்கள் பக்கத்து நூற்பாலைகளுக்குப் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். ரிங் ஃபிரேம் என்பது ஆயிரத்துக்கு மேல் ஸ்பிண்டில்கள் வரிசையாகச் சுற்றும் நீண்ட இயந்திரம். எங்கேயாவது ஓர் இழை அறுந்துகொண்டே இருக்கும். பஞ்சு மோசமாக இருக்கலாம், காற்றில் ஈரப்பதம் குறைந்திருக்கலாம், வளையத்தில் ஓடும் டிராவலர் என்ற கம்பித்துணுக்கு தேய்ந்திருக்கலாம். அறுந்த இழையைப் பிணைப்பது சைடர் வேலை. பெரும்பாலும் பெண்கள். எட்டு மணி நேர ஷிப்டில் இயந்திரத்தின் இரு பக்கமும் சுற்றிச் சுற்றி நடந்தபடி கண்ணால் தேடி, விரலால் பிணைத்தபடி இருப்பார்கள். இப்போது பல ஆலைகளில் ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்கும் ஒரு சென்சார். டிராவலர் சுற்றுவது நின்றால் அந்த இடத்தில் சிறு விளக்கு எரியும். தேடி நடக்கும் நடை குறைந்தது. கழிவுப் பஞ்சு குறைந்தது. இந்த ஸ்பிண்டிலில் மட்டும் ஏன் அடிக்கடி அறுகிறது என்று பார்த்து, அதைப் பழுதுபார்க்க முடிகிறது.

எங்கள் வீதியில் பதினாறு வருடம் சைடராக இருந்த ஓர் அக்காவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "லைட்டு வந்தது நல்லதுதானுங்க தம்பி. கண்ணு வலி கொறஞ்சுது. ஆனா நான் பாத்ரூம் போயிட்டு வந்த நேரமும் அதுல ஏறிருதுங்க" என்றார்.

அறுந்த இழை எத்தனை நிமிடம் பிணைக்கப்படாமல் கிடந்தது என்று அந்தக் கருவி எழுதி வைக்கிறது. எழுதியதை அலுவலகத்தில் இருக்கும் கணிப்பொறி வாசிக்கிறது. அதே பதிவை ஸ்பிண்டிலின் குறையாகவும் வாசிக்கலாம், பெண்ணின் குறையாகவும் வாசிக்கலாம். கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். எப்படி வாசிப்பது என்ற முடிவு நடக்கிற அறைக்கு அக்கா போனதில்லை. அன்று பஞ்சு மோசம், ஷிப்டு முழுக்க அறுந்துகொண்டே இருந்தது என்று அவர் வாயால் சொல்ல முடியும். சொல்வதற்கு அந்தத் திரையில் இடமில்லை. விளக்கு அவரிடம் வேலை சொல்கிறது. கணக்கை வேறொருவரிடம் சொல்கிறது. ஒரே பெட்டி இரண்டு பேரிடம் இரண்டு விதமாகப் பேசுகிறது.

மின்சார மீட்டர் இதைவிடப் பழைய காயத்தைத் தொடுகிறது. 2021இல் ஒன்றிய அரசு அறிவித்த திட்டம் நாடெங்கும் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்களை முன்பணம் செலுத்தும் முறையில் பொருத்துவதை இலக்காக வைத்தது. உழவு இணைப்புகளுக்கு அதில் விலக்கு உண்டு. விலக்கு உண்டு என்று சொன்ன பிறகும் மீட்டர் என்ற சொல் காதில் விழுந்தால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் முகம் இறுகும். 1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய உழவர்கள் மீது பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்கள் போயின. அதற்கு நினைவுத்தூண் வைத்து ஆண்டுதோறும் கும்பிடுகிற ஊர்கள் இவை. உழவுக்கு இலவச மின்சாரம் வந்தது அந்தப் போராட்டங்களின் தொடர்ச்சியாகத்தான். மீட்டர் அளப்பது யூனிட்டை என்று பொறியாளர் நினைக்கிறார். தன்னைப் பற்றித் தனக்குத் தெரியாமல் யாரிடமோ கோள் சொல்லும் ஒன்றைச் சுவரில் மாட்டுகிறார்கள் என்று உழவர் நினைக்கிறார். இந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அது சேதியின் திசையைச் சரியாகப் புரிந்துகொண்ட அச்சம்.

பேசுகிற பொருள் யாருக்குக் கீழ்ப்படிகிறது என்பதையும் இதோடு சேர்த்துத்தான் கேட்க வேண்டும். 2016இல் மிராய் என்ற தீநிரல், வீடுகளிலும் கடைகளிலும் மாட்டியிருந்த கண்காணிப்புக் கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் லட்சக்கணக்கில் வசப்படுத்தியது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாததுதான் அதற்கு வாசலாக இருந்தது. அவற்றை ஏவி நடத்திய தாக்குதலில் அந்த அக்டோபரில் அமெரிக்காவின் பெரிய இணையதளங்கள் பல, மணிக்கணக்கில் முடங்கின. கேமராவின் சொந்தக்காரர்கள் அன்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். திருடனைப் பார்க்க வைத்த கண், எசமானுக்குத் தெரியாமல் வேறொருவரின் படையில் சேர்ந்துவிட்டது.

மாமாவின் பெட்டிக்கு அப்படிப்பட்ட ஆபத்து நேர்ந்ததில்லை. அதற்கு நேர்ந்தது எளிய விபத்து. சில ஆண்டுகளுக்கு முன் பெட்டிக்குள் இருந்த சிம்முக்கு உரிய செல்போன் நிறுவனம் நொடித்துப்போய், கோபுரங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. மனிதர்கள் வரிசையில் நின்று எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். மோட்டார் வரிசையில் நிற்க முடியுமா? பத்து நாள் அது செவிடாகக் கிடந்தது. வாழை வாடியது. மாமா மறுபடி டார்ச்சை எடுத்துக்கொண்டு இரவில் நடந்தார். இப்போதும் மோட்டாருக்கு ரீசார்ஜ் செய்ய மறந்தால் அது பேசாது. மாட்டுக்குத் தீவனம் வைப்பதுபோல அதற்கும் வைத்தாக வேண்டும். வித்தியாசம், தீவனம் தோட்டத்திலேயே விளைந்தது.

இவ்வளவும் தோட்டத்துக்கு மேலே நடப்பவை. கீழே நடப்பதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

போர் வற்றினால் பெட்டி மாமாவிடம் சொல்கிறது. பக்கத்துத் தோட்டத்துப் பெட்டி அந்தத் தோட்டக்காரரிடம் சொல்கிறது. இரண்டு போரும் பாறைக்குள் ஒரே வெடிப்பில் ஓடும் தண்ணீரைத்தான் உறிஞ்சுகின்றன. பெட்டிகளுக்கு அது தெரியாது. ஒவ்வொன்றும் தன் எசமானின் காதில் மட்டும் ரகசியமாகச் சொல்கிறது. கேட்டவர் செய்வது ஒன்றுதான். இன்னும் நூறடி இறக்கலாமா என்று போர் வண்டிக்காரருக்குப் போன் செய்வார். மும்முனை வந்த நொடியில் எல்லாப் பெட்டிகளும் ஒன்றாக விழித்து எல்லா மோட்டார்களையும் ஒரே சமயத்தில் இழுக்கும்போது, டிரான்ஸ்பார்மர் முனகும். மண்ணுக்கடியிலும் ஏதோ முனகியிருக்கும். தூக்கத்தை விட்டு எழ வேண்டும், இருட்டில் நடக்க வேண்டும் என்ற கஷ்டம் முன்பு இறைப்புக்கு ஓர் அளவைத் தானாக வைத்திருந்தது. அளவை வைத்தது கஷ்டம்தான், அறமில்லை. அந்தக் கஷ்டம் போனது நல்லது. அது காவல் காத்த இடத்தில் வேறு காவல் எதையும் நாம் வைக்கவில்லை.

பங்குக் கிணறுகளின் காலத்தில் முறை என்று ஒன்று இருந்தது. இன்று உனக்கு, நாளை அவனுக்கு. முறைக்காகச் சண்டையும் வெட்டுக்குத்தும் நடந்திருக்கின்றன. அதைப் பொற்காலமென்று நான் சொல்லவரவில்லை. ஆனால் கிணற்றில் எத்தனை படி தண்ணீர் இருக்கிறது என்பது எட்டிப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். போர் அந்தப் பார்வையை மூடிவிட்டது. ஆறரை அங்குலக் குழாய்க்குள் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. இப்போது சென்சாரால் எட்டிப் பார்க்க முடிகிறது. பார்த்ததை யாருக்குக் காட்டுவது என்பதை மட்டும் நாம் இன்னும் யோசிக்கவில்லை.

யோசித்தவர்கள் இருக்கிறார்கள். 2000களில் ஆந்திரத்தின் வறண்ட ஏழு மாவட்டங்களில், அறுநூறுக்கும் மேற்பட்ட ஊர்களில், உழவர்களே நிலத்தடி நீரை அளந்தார்கள். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு அதற்குத் துணை நின்றது. மழைமானியை அவர்களே வாசித்தார்கள். குறிப்பிட்ட கிணறுகளில் கருவியை இறக்கி நீர்மட்டத்தை அளந்தார்கள். அளந்ததை ஊர் நடுவில் ஒரு பலகையில், எல்லோரும் பார்க்க எழுதினார்கள். மழைக்காலம் முடிந்ததும் ஊர் கூடி, இருக்கிற தண்ணீர் இவ்வளவு, நாம் போட நினைக்கும் பயிர்கள் குடிக்கப்போவது இவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள். இதைப் போடு, அதைப் போடாதே என்று யாரும் உத்தரவிடவில்லை. கணக்கைக் கண்ணால் பார்த்த பலர் நெல்லின் பரப்பைத் தாமாகவே குறைத்துக்கொண்டார்கள். கருவிகள் எளிமையானவை. அவற்றில் சிம் கார்டு கிடையாது. சேதி போய்ச் சேர்ந்த இடம் மட்டும் சரியாக இருந்தது.

அத்தைக்கு ஆந்திரத்துக் கதை தெரியாது. ஆனால் மோட்டார் ரூமின் வெளிச்சுவரில், சுண்ணாம்பு உரிந்த இடத்தில், கரிக்கட்டியால் எழுதிய கோடுகள் வரிசையாக இருப்பதை அன்று காட்டினார். தேதி, அதற்குப் பக்கத்தில் கோடுகள். போர் விட்டு விட்டு ஊற்றத் தொடங்கும்வரை எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கு. ஒரு மணிக்கு ஒரு கோடு. ஐப்பசியில் ஏழு கோடுகள் இருந்த இடத்தில் மாசிக்கு நான்காகிவிடும். ஐந்தாறு வருடக் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தன. பெட்டி வந்த பிறகு சில மாதம் எழுதவில்லையாம். போனில்தான் எல்லாம் வருகிறதே என்று மாமா சொல்லிவிட்டாராம்.

"அப்பறம் ஏனுங்கத்தை மறுக்கா எழுதறீங்க?" என்றேன்.

"போன்ல வந்தா உங்க மாமனுக்குத் தெரியும். செவுத்துல எழுதுனா வாய்க்கா மேல போற வாற பங்காளியெல்லாம் பாக்கறாங்கல்லொ கண்ணு. போன கோடைல நாலுக்கு வந்தப்ப மேக்கால தோட்டத்துக்காரர் பாத்துட்டு, அவரு மஞ்சளைக் கொறச்சுப் போட்டாரு."

அந்த வாரமே இளையவனிடம் பேசி அத்தையின் எண்ணைப் பெட்டியில் நான்காவதாகச் சேர்த்தோம். முதல் அழைப்பு வந்தபோது அவர் மண்வெட்டியோடு மடையில் நின்றிருந்தார். போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, சேற்றுக் காலோடு மோட்டார் ரூமை நோக்கி நடந்தார். அழைப்பு வந்த பிறகு எதற்கு நடக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரோரம் குனிந்து கரிக்கட்டியை எடுத்தார்.